நிலத்துக்கு ஈடாக வேலை: நெய்வேலியில் ஒரு வாக்குறுதி தேய்ந்த வரலாறு

நெய்வேலியைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். உற்பத்தி அளவுகளையும் மெகாவாட்டுகளையும் வரிசைப்படுத்தும் பெருமை மலர்கள் ஒரு வகை. நிலம் பறிபோனதையும் நிலத்தடி நீர் வற்றியதையும் பேசும் போராட்ட வெளியீடுகள் மற்றொரு வகை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டுமே தொட்டுவிட்டு நகர்ந்துவிடும் கேள்வி ஒன்றுண்டு. நிலம் கொடுத்தவர்கள் அதற்கு ஈடாக எதை எதிர்பார்த்தார்கள்? அந்த எதிர்பார்ப்புக்கு எழுபது ஆண்டுகளில் என்ன நேர்ந்தது?

கடலூர் மாவட்டத்தின் இப்பகுதியில் நிலத்தின் உண்மையான விலை ரூபாயில் பேசப்படவில்லை, வேலையில் பேசப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். ‘வீட்டுக்கு ஒரு என்.எல்.சி. வேலை’, அதாவது நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் ஒரு வேலை, என்பது சட்டத்தில் எழுதப்படாத, ஆனால் ஊரே நம்பிய ஒப்பந்தம். முதலில் நிரந்தர வேலை, பிறகு ஒப்பந்த வேலை, கடைசியில் வெறும் தொகை என்று அந்த ஒப்பந்தம் படிப்படியாகத் தேய்ந்தது. நிலக்கரியிலிருந்து காற்றுக்கும் வெயிலுக்கும் மாறும் காலத்தில் தீர்க்கப்படாமல் நிற்கும் முதல் கணக்கும் இதுதான்.

தண்ணீர் தேடிய இடத்தில்

1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது, பொங்கி வந்த நீரோடு கறுப்பும் பழுப்புமான ஒரு பொருளும் வந்தது. நெய்வேலியின் வரலாறு வழக்கமாக இந்த இடத்தில்தான் தொடங்கும். அந்தப் பொருளைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். கூடவே பொங்கிய நீர் பின்னால் எத்தனை பெரிய சிக்கலாகும் என்பதை அன்று யாரும் யோசித்திருக்க நியாயமில்லை.

1940களிலும் 50களின் தொடக்கத்திலும் நடந்த துளையீட்டு ஆய்வுகள் இரண்டு செய்திகளைச் சொல்லின. பழுப்பு நிலக்கரிப் படுகை மிகப் பெரியது என்பது நல்ல செய்தி. அந்தப் படுகைக்கு அடியில், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையான அழுத்தத்தோடு நிலத்தடி நீர் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது என்பது கெட்ட செய்தி. மேலே இருக்கும் மண்ணை அகற்றினால் கீழிருக்கும் நீர் நிலக்கரிப் படுகையையே பிளந்துகொண்டு சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். தோண்டத்தான் முடியுமா என்ற ஐயம் நெடுநாள் நீடித்ததற்கு இதுவே காரணம். சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைப்பதுதான் தீர்வு என்று முடிவானது. பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் அறிக்கை திட்டத்துக்கு வடிவம் கொடுத்தது. முதலமைச்சர் காமராஜர் விடாமல் வலியுறுத்தினார். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரிப் படுகை கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்.

இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மண்ணை அகற்றுவதில் போயின. நிலக்கரிக்கு மேலே ஐம்பது மீட்டருக்கும் அதிகமான, சில இடங்களில் நூறு மீட்டரைத் தொடும் மண் இருந்தது. நாட்டிலிருந்த எந்த இயந்திரமும் அதற்குப் போதாது என்பதால் ஜெர்மனியிலிருந்து பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் வந்தன. அனல்மின் நிலையத்தைச் சோவியத் ஒன்றியம் கட்டிக்கொடுத்தது. 1962இல் முதல் அலகு மின்சாரம் தந்தது. 1970 வாக்கில் நிலையம் 600 மெகாவாட்டை எட்டியது. யூரியா ஆலையும், வீட்டு அடுப்புக்கான ‘லெக்கோ’ கரி தயாரிக்கும் ஆலையும் உடன் எழுந்தன. தமிழ்நாட்டுக்கு நிலக்கரி தொலைவிலிருந்து வந்தாக வேண்டியிருந்த காலத்தில் இது சாதாரணச் சாதனை இல்லை. சுரங்கத்தின் தீமைகளை மட்டும் எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். கடக்கக் கூடாது. தமிழ்நாட்டின் பம்புசெட்டுகளும் நூற்பாலைகளும் இந்தக் குழியிலிருந்து வந்த மின்சாரத்தையும் நம்பித்தான் பெருகின.

பட்டா உள்ளவருக்கு ஒரு கணக்கு, இல்லாதவருக்கு ஒரு கணக்கு

முதல் சுரங்கத்துக்கும் நகரியத்துக்கும் எடுக்கப்பட்ட நிலம் செம்மண் மேட்டுப்பூமி. முந்திரி, பலா, மானாவாரிக் கம்பு, வேர்க்கடலை விளையும் பூமி. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி தரப்பட்ட இழப்பீடு அன்றைய மானாவாரி நிலத்தின் பதிவு விலையை ஒட்டியே இருந்தது. அந்தத் தொகையை வைத்துக்கொண்டு பக்கத்து வட்டத்தில் அதே அளவு நிலம் வாங்க முடியாது. ஆனாலும் தொடக்கத்தில் பெரிய எதிர்ப்பு எழாததற்குத் தேசக் கட்டுமானம் என்ற சொல்லின் கவர்ச்சி மட்டும் காரணமாகிவிடாது. நிறுவனத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். மண்வெட்டவும், கன்வேயர் பெல்ட்டைத் தள்ளி வைக்கவும், கொதிகலனுக்குக் காவல் இருக்கவும் ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தது. நிலம் இழந்த குடும்பத்துப் பிள்ளைகளில் பலர் உள்ளே போனார்கள். மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். மானாவாரி உழவர் ஒருவரின் வாழ்க்கைக்கு இதற்கு ஈடான பணமே கிடையாது.

வேலை என்ற விலைக்குள் தொடக்கத்திலிருந்தே மூன்று ஓட்டைகள் இருந்தன. வேலை ஒருவருக்குத்தான் கிடைக்கும், நிலமோ நான்கைந்து பிள்ளைகளுக்குப் பாகம் ஆகக்கூடியது. மூத்தவனுக்கு வேலை கிடைத்த வீட்டில் இளையவர்களுக்குப் பாகப்பிரிவினையாக எதுவும் மிஞ்சவில்லை. இரண்டாவதாக, அந்த ஒருவர் பெரும்பாலும் ஆண். களையெடுத்தும் நாற்று நட்டும் முந்திரிக்கொட்டை பொறுக்கியும் சம்பாதித்துக்கொண்டிருந்த பெண்களின் வருமானம் எந்தக் கணக்கிலும் ஏறாமலேயே மறைந்தது. மூன்றாவது ஓட்டைதான் ஆழமானது. வேலையைக் கேட்க முதலில் பட்டா வேண்டும். குத்தகைக்கு உழுதவர், புறம்போக்கில் பயிர் செய்தவர், நிலமில்லாத கூலி ஆகியோர் இழந்ததும் அதே நிலத்தைத்தான். சேரிகளில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையில் வருவார்கள். அவர்களிடம் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. சுரங்கத்தின் சமூகச் செலவு என்று பேசும்போது பட்டாதாரரின் இழப்பு மட்டும் எண்ணப்படுவதும், அதற்குக் கீழே உள்ளவர்கள் ‘பாதிக்கப்பட்டோர்’ என்ற பொதுச் சொல்லுக்குள் கரைந்துவிடுவதும் நம் ஆய்வு எழுத்தின் நெடுநாள் பழக்கம்.

  

நிரந்தரத்திலிருந்து ஒப்பந்தத்துக்கு

1978இல் இரண்டாம் சுரங்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதை ஒட்டி எழுந்த இரண்டாம் அனல்மின் நிலையம் 1,470 மெகாவாட் திறன் கொண்டது. பின்னர் முதல் சுரங்கம் விரிந்தது, 1ஏ சுரங்கம் வந்தது, புதிய அலகுகள் சேர்ந்தன. உற்பத்தி மேலே ஏறிக்கொண்டே போன இதே காலத்தில் ஆள் தேவை கீழே இறங்கியது. பெரிய இயந்திரங்களுக்குக் குறைந்த ஆட்கள் போதும். மிச்சம் இருந்த கைவேலையும் 1990களுக்குப் பிறகு ஒப்பந்தக்காரர்கள் வழியாகப் போனது. நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை நிரந்தரத் தொழிலாளியாக நுழையும் வாசல் குறுகி, அதே பிள்ளை ஒப்பந்தத் தொழிலாளியாக நுழையும் வாசல் அகன்றது. வேலை அதே இடத்தில், அதே கொதிகலனுக்கு அருகில். சம்பளமும் பாதுகாப்பும் மட்டும் வேறு. பணிநிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் பல முறை நீண்ட வேலைநிறுத்தங்கள் செய்தார்கள். சங்கப் பேச்சுவார்த்தைகள் நீதிமன்றம் வரை நீண்டன. ‘பர்மனென்ட்’ என்ற சொல் இப்பகுதியில் வேலையின் தன்மையைக் குறிப்பதைத் தாண்டி, பெண் கொடுக்கும் தகுதியாகவே மாறியிருந்தது.

இதே தொழிலாளர் அரசியலின் மற்றொரு முகமும் உண்டு. 2006இல் நிறுவனத்தின் பத்து விழுக்காட்டுப் பங்கை விற்க மத்திய அரசு முனைந்தபோது நெய்வேலி மறுத்து எழுந்தது. தி.மு.க. கூட்டணியை விட்டு விலகும் அளவுக்கு அழுத்தம் கொடுத்ததும் விற்பனை கைவிடப்பட்டது. 2013இல் மறுபடி 3.56 விழுக்காட்டை விற்கும் பேச்சு வந்தது. தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே அவற்றை வாங்கிக்கொண்டன. பொதுத்துறை தனியாருக்குப் போகக் கூடாது என்பதில் மாநிலமே ஒரு குரலில் நின்றது. நிலம் கொடுத்தவர்களின் வேலைக் கோரிக்கைக்கு அந்த ஒற்றுமை ஒருபோதும் கிடைக்கவில்லை. பங்கின் மீது மாநிலத்துக்கு இருந்த அக்கறையில் பாதியாவது பட்டாவின் மீது இருந்திருந்தால் அடுத்து வந்த ஆண்டுகள் வேறு மாதிரி போயிருக்கும்.

ஒப்பந்த முறையின் விலை 2020இல் வெளிப்படையாகத் தெரிந்தது. மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஒரு கொதிகலனில் வெடிப்பு. எட்டுப் பேர் தீக்காயம் அடைந்தார்கள், சிலர் பிறகு இறந்தார்கள். இரண்டு மாதங்கூட ஆகவில்லை, ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் மற்றொரு அலகில் மறுபடி வெடித்தது. ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களில் மேலும் பலர் இறக்க, எண்ணிக்கை இரு மடங்கைத் தாண்டியது. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களே அதிகம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், நிறுவனம் 5 கோடி ரூபாயை இடைக்காலமாகச் செலுத்த வேண்டும் என்றது.

பரவனாற்றின் ஓரத்தில்

2013இல் நாடாளுமன்றம் இயற்றிய புதிய நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் மறுவாழ்வையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு அரசு 2014இல் அதில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மாநிலத்தின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் உள்ளிட்ட மூன்று சட்டங்களுக்கு அந்தக் கட்டாயங்களிலிருந்து விலக்குத் தேடிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. சட்டமன்றம் சில நாட்களிலேயே முன்தேதியிட்டு அதற்கு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நெய்வேலியைச் சுற்றிய கிராமங்களுக்கு இதன் பொருள் மிக நேரடியானது. நாடு முழுவதற்கும் வந்த கூடுதல் பாதுகாப்பு, அதை அதிகம் தேவைப்பட்ட இடத்துக்கு வந்து சேரவில்லை.

2023 ஜூலை 26 அன்று மேல்வளையமாதேவி கிராமத்தில் நடந்ததை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். இரண்டாம் சுரங்கத்தின் விரிவுக்காகப் பரவனாற்றைச் சுமார் 12 கிலோமீட்டர் தூரத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டியிருந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டும் மிச்சம். அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் நெல் கதிர் பிடிக்கும் பருவத்தில் நின்றது. பொக்லைன்கள் அதன் மேல் இறங்கின. நிலம் 2006 முதல் 2013 வரை ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, இனி அது நிறுவனத்துடையது என்பது நிர்வாகத்தின் வாதம். சட்டத்தின் கண்ணில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு மேலாக உழுது விதைத்துக்கொண்டிருந்தவர்களை யாரும் தடுக்கவில்லை. காகிதத்தில் நிலம் கைமாறியதற்கும் வயலில் கைமாறியதற்கும் நடுவே ஒரு தலைமுறையே பள்ளிக்கூடம் முடித்துவிட்டது. அதற்குள் வேலை வாக்குறுதியும் மாறியிருந்தது. ஏக்கருக்கு 25 லட்சம் ரூபாய் வரை தருவதாக நிறுவனம் அறிவித்தது, முன்பு கொடுத்தவர்களுக்கு அதே தொகை கிடைக்காது என்ற குமுறலும் கிளம்பியது. இரண்டு நாட்கள் கழித்து நெய்வேலியில் பா.ம.க. நடத்திய முற்றுகையில் கல்வீச்சும் தடியடியும் வானத்தை நோக்கிய துப்பாக்கிச் சூடும் நடந்தன. இது தொடர்பான வழக்கை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி நின்ற பயிரை அழித்ததைக் கண்டு மனம் வருந்தியதாகச் சொன்னார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர உத்தரவானது.

அதே ஆண்டு ஏப்ரலில் வேறொரு முடிவு சில நாட்களில் வந்துவிட்டதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று நிலக்கரிப் பகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்திருந்தது. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த 2020ஆம் ஆண்டுச் சட்டம் கையில் இருந்ததால் மாநிலமே ஒருமித்து எதிர்த்தது. பட்டியலிலிருந்து அவை நீக்கப்பட்டன. வளையமாதேவியிலிருந்து சேத்தியாத்தோப்பு கூப்பிடு தூரம்தான். எல்லைக்கோட்டின் ஒரு பக்கம் நெல் காப்பாற்றப்பட்டது, மறுபக்கம் புதைக்கப்பட்டது.

நீர்

சுற்றுச்சூழல் செலவில் மற்ற எல்லாவற்றையும்விட நீரின் கணக்கு சிக்கலானது. ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்றுவதோடு பல டன் நீரையும் இறைக்க வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் துளையிட்டால் தானாகப் பொங்கிய நீரை, சுற்றுவட்டார விவசாயிகள் இன்று நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் மோட்டார் இறக்கித் தேடுகிறார்கள். பாசனக் கிணறுகளின் பெருக்கமும் அதற்கு ஒரு காரணம் என்று நிறுவனம் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் அழுத்தத்தைக் குறைப்பதே நோக்கமாக அறுபது ஆண்டுகளாக நடக்கும் இறைப்புக்கு நிகராக எந்த உழவரின் கிணற்றையும் நிறுத்த முடியாது.

சிக்கல் இதோடு முடிவதில்லை. இறைத்த நீர் வீணாகப் போகவில்லை. வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சுரங்கத்து நீர் போகிறது. கீழே உள்ள ஆயிரக்கணக்கான ஏக்கர் பாசனம் இன்று அதை நம்பி இருக்கிறது. அந்த நீரோடு வரும் சுரங்க மண் பெருமாள் ஏரியைத் தூர்த்துக்கொண்டும் இருக்கிறது. சென்னை தாகத்தில் தவித்த ஆண்டுகளில் நெய்வேலிப் பகுதியின் நீர் தலைநகர் வரை போனது. ஒரே பம்பு மேட்டுக் கிராமத்தின் கிணற்றை வற்றவைக்கிறது, பள்ளத்துக் கிராமத்தின் வயலை நனைக்கிறது. இவர்கள் இருவரும் ஒரே மேடையில் நின்று போராட முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அனல்மின் நிலையங்களின் சாம்பலும் புகையும் வேறு கதை. 2023இல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் ஆய்வு மையமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, சுற்றியுள்ள ஊர்களின் நீரில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைப் பல மடங்கு தாண்டியிருப்பதாகச் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மண்மேடுகளில் மரம் வளர்த்ததையும் பயிர்ச் சோதனைகளையும் நிறுவனம் காட்டுகிறது, அவை பொய்யில்லை. ஆனால் பச்சையாகத் தெரியும் மேட்டில் முந்திரி காய்ப்பதும், அந்த மேட்டைக் கொடுத்தவர் மீண்டும் முந்திரி பறிப்பதும் ஒன்றாகிவிடாது.

வெயில் வேறு மாவட்டத்தில்

2020 செப்டம்பரில் முதல் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஓடிய நிலையம். அதன் இடத்தைப் பிடித்தது காற்றாலையோ சூரிய மின்தகடோ இல்லை, 1,000 மெகாவாட் புதிய அனல்மின் நிலையம். ஆக, நெய்வேலியில் இதுவரை நடந்திருப்பது பழைய நிலக்கரியிலிருந்து புதிய நிலக்கரிக்கு ஒரு மாற்றம்.

நிறுவனத்தின் சூரிய மின்சாரம் வேறு இடங்களில் எழுந்தது. நெய்வேலியிலேயே 130 மெகாவாட் உண்டு. ஆனால் பெரும்பகுதி விருதுநகர், இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் இருக்கிறது. காற்றாலை கழுநீர்குளத்தில். சூரிய மின்திறனில் ஒரு கிகாவாட்டைத் தாண்டிய முதல் பொதுத்துறை நிறுவனம் இதுதான். மின்வாரியத்தின் பார்வையில் ஒரு யூனிட் எங்கிருந்து வந்தாலும் ஒன்றே. நெய்வேலிக்கு அருகிலுள்ள வானதிராயபுரத்துக்காரரின் பார்வையில் அப்படி இல்லை. குழி ஒரு மாவட்டத்தில், அதற்கு மாற்று இருநூறு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு மாவட்டத்தில்.

புதிய மின்சாரத்தின் வேலைக் கணக்கும் மெலிந்தது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலை முயற்சி, 1990களில் வரிச்சலுகையின் தூண்டுதலால் முப்பந்தல், ஆரல்வாய்மொழி வரை பரவியபோது முதலீடு செய்தவர்கள் கோவை, திருப்பூர்ப் பகுதி ஆலை உரிமையாளர்கள். உள்ளூருக்கு மிஞ்சியது பெரும்பாலும் காவலாளி வேலையும் தரகும். 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் வந்தபோதும் கட்டுமானம் முடிந்தபின் மிஞ்சிய வேலை குறைவு. ஆடு மேய்த்த நிலம் வேலிக்குள் போனது. இந்தச் செலவுகள் சுரங்கத்தின் செலவோடு ஒப்பிடத்தக்கவை என்று நான் சொல்லவில்லை. காற்றாலை யாருடைய ஊற்றையும் அறுபது ஆண்டுகள் இறைப்பதில்லை, கொதிகலன் வெடித்து யாரையும் எரிப்பதில்லை. மாற்றம் வேண்டியதே, விரைவாகவே வேண்டியது. ஆனால் நிலத்துக்கு ஈடாக வேலை என்ற பழைய சமன்பாட்டை அந்த மாற்றத்தால் நிறைவேற்ற முடியாது.

மூடும்போது

நெய்வேலிக்கு இயந்திரம் அனுப்பிய ஜெர்மனியின் அனுபவம் இங்கே உதவும். கிழக்கு ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதி நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரி பூமி. 1990இல் நாடு இணைந்தபின் சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான சுரங்கங்கள் மூடின. பல பத்தாயிரம் பேர் வேலை இழந்தார்கள். கைவிடப்பட்ட குழிகளைச் சீர்செய்ய அரசே தனி நிறுவனம் அமைத்தது. முப்பது ஆண்டுகளாகியும் அந்த வேலை முடியவில்லை. குழிகள் ஏரிகளாக நிரம்பின. மீண்டெழுந்த நிலத்தடி நீர் இரும்பைக் கரைத்துக்கொண்டு வந்து ஆறுகளைப் பழுப்பாக்கியது. மிச்சமுள்ள சுரங்கங்களை 2038க்குள் மூட முடிவெடுத்தபோது, பாதிக்கப்படும் பகுதிகளுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கச் சட்டம் செய்தார்கள். அங்கேயும் மனக்கசப்பு தீரவில்லை. பணம் சாலைக்கும் ஆய்வகத்துக்கும் போகிறது, வேலை இழந்தவர் கைக்கு வரவில்லை என்ற குறை பலமாகக் கேட்கிறது.

இந்தியாவில் சுரங்க மூடல் பற்றி நிலக்கரி அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் 2009 முதல் உண்டு. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டுத் தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் அவற்றின் அடிப்படையாக இருந்தது. பின்வந்த திருத்தங்களில் மக்களின் வாழ்வாதாரமும் இடம்பெறத் தொடங்கியது. ஆனாலும் அலகு ஹெக்டேர்தான். நிலம் அளக்கப்படுகிறது, அதிலிருந்து வெளியேறிய குடும்பம் அளக்கப்படுவதில்லை. பம்புகள் நின்றபின் மேலெழும் நீரை யார் கண்காணிப்பது, சுரங்கத்து நீரை நம்பும் வாலாஜா ஏரிப் பாசனத்துக்கு மாற்று எது என்பனவும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

குடும்பத்தை அலகாக்குவது முடியாத காரியம் இல்லை. 1894ஆம் ஆண்டுச் சட்டப்படியான நில எடுப்பில் ஒவ்வொரு இழப்பீட்டுத் தீர்விலும் (அவார்டு) உரியவரின் பெயரும் பரப்பும் தொகையும் எழுதப்பட்டாக வேண்டும். 1950களிலிருந்து தொடங்கும் அந்தக் கோப்புகளையும், நிறுவனத்தின் பணிநியமனப் பதிவுகளையும், ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் குடும்பத்துக்கு நிரந்தர வேலை கிடைத்தது, எதற்கு ஒப்பந்த வேலை, எதற்கு ஒன்றுமே இல்லை என்பது தெரிந்துவிடும். பட்டா இல்லாதவர்களுக்கு அந்தக் கோப்புகள் போதாது. பழைய வாக்காளர் பட்டியலிலும் ஊர்ப் பெரியவர்களின் நினைவிலும்தான் அவர்களைத் தேட வேண்டும். நினைவு வைத்திருப்பவர்களுக்கு எண்பது வயதாகிறது என்பதால் அந்த வேலையை முதலில் தொடங்குவது நல்லது.